பாலவாக்கம் வீட்டு பால்கனிக் கதவு தொடர்பாக நஸ்ருன்னிசா சொன்னது

என் பெயர் நஸ்ருன்னிசா. வயது 58. காலஞ்சென்ற மெஹபூப் பாஷாவின் மனைவி. பாலவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் குறுக்குத் தெருவில், கீழே வண்டி நிறுத்தும் இடமும் மேலே இரண்டு வீடுகளும் உள்ள கட்டடத்தில், இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். வீடு என் கணவர் வாங்கியது, இப்போது என் பெயரில் இருக்கிறது. எனக்குக் குழந்தைகள் இல்லை. முதல் மாடி வீட்டுக்காரர்கள் பெங்களூருக்குப் போய்விட்டதால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகவே அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

நாங்கள் முதலில் தியாகராய நகரில் இருந்தோம். என் கணவர் அங்கே பெட்டி, சூட்கேஸ் கடை வைத்திருந்தார். கடல் பார்த்த வீடு வேண்டும் என்பது அவருடைய ஆசை. பால்கனிக்கு மரக்கதவு வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று சொல்லி, முழுக்கக் கண்ணாடி வைத்த பெரிய ஸ்லைடிங் கதவாக அவர்தான் போடச் சொன்னார். குடிவந்த வருடமே அவர் காலமாகிவிட்டார். கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடியும் வரை உறவுக்காரப் பெண்கள் வந்து உடன் இருந்தார்கள். அதன் பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெருவில் யாரோடும் எனக்குப் பழக்கம் ஏற்படவில்லை. வேண்டிய சாமான்களை ஃபோனில் சொன்னால் கொண்டுவந்து கீழே கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நாகராஜ் என்பவரை எனக்கு எப்படித் தெரியும் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவர் வடபழனியில் இருக்கும் அலுமினியக் கதவு வேலைக்காரர். கடல் பக்கத்து வீடு என்பதால் கதவு ஓடும் தடத்தில் மணலும் உப்பும் சேர்ந்து, அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்கள் துருப்பிடித்து இறுகிவிடும். போன மழைக்காலத்தில் கதவை நகர்த்தவே முடியாமல் போனபோது, ஓர் இரும்புக் கடையில் கேட்டு அவருடைய நம்பரை வாங்கினேன். அவர் வந்து தடத்தைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துக் கொடுத்தார். அதன் பிறகு கதவு சிக்கும்போதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவேன். வேலை முடிந்ததும் டீ குடிப்பார். முன்பு சினிமா செட்டுகளில் தச்சு வேலை பார்த்ததைச் சொல்வார். ஒரு முறை, "நான் போட்ட கதவுங்களத் தொறந்தா பின்னாடி ஒண்ணுமே இருக்காதும்மா, வெறும் கம்பு முட்டுக் குடுத்துக்கீது. நெசமாலுமே ஒரு வூட்டுக்குக் கதவு போடணும்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றார். அவருக்கு மனைவி இல்லை என்பதையும் அவர் சொல்லித்தான் தெரியும். எங்களுக்குள் வேறு உறவு எதுவும் கிடையாது. என்னிடம் உட்கார்ந்து பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, எழுதிக்கொள்ளலாம்.

போன வாரம் கதவின் லாக்கும் தளர்ந்துவிட்டது. வேகமாகச் சாத்தினால் கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொண்டது. நாகராஜிடம் ஃபோனில் சொன்னேன். திங்கட்கிழமை வந்து சக்கரத்தையும் லாக்கையும் சேர்த்து மாற்றித் தருவதாகவும், அதுவரை பால்கனிக்குப் போனால் நடுவில் ஒரு கட்டை வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடித்த பிறகு, துவைத்த போர்வைகளைக் காயப்போடப் பால்கனிக்குப் போனேன். கட்டையை வைத்துவிட்டுத்தான் போனேன். காற்று பலமாக இருந்தது. மணல் வீட்டுக்குள் அடித்ததால் கதவைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம் என்று இழுத்தேன். வராமல் அடம்பிடித்த கதவு திடீரென்று ஒரே ஓட்டமாக ஓடிவந்ததில் கட்டை தெறித்துப் போய், கதவு சாத்தி, உள்ளே கொக்கி விழுந்தது. அதன் பிறகு எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை. கண்ணாடியை ஏன் உடைக்கவில்லை என்று கேட்கிறார்கள். வாளியால் அடித்துப் பார்த்தேன். வாளிதான் உடைந்தது. அது தடித்த கண்ணாடி. பால்கனியில் வேறு கனமான பொருள் எதுவும் இல்லை.

ஃபோன் உள்ளே சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. முன்வாசல் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆகவே தெருவைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். எதிரில் இருப்பது திரு. ரகுபதி அவர்களின் வீடு. அவருடைய சன்னல்கள் எல்லாம் சாத்தி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டிவி வெளிச்சம் மாறி மாறித் தெரிந்தது. பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் என்பதால் ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போர்வையை எடுத்து வீசிக் காட்டினேன். உதறுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவரும் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

வெயில் ஏறிய பிறகு பால்கனியில் நிழல் இல்லை. ஈரப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக என் வீடு முழுவதும் தெரிந்தது. நான் சாப்பிட்ட தட்டு மேஜையில் இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டை வெளியிலிருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மதியம் ளுஹர் தொழுகைக்கு நேரமானபோது, ஒளூ செய்யத் தண்ணீர் இல்லாததால், தரையில் கிடந்த மணலைத் தொட்டுத் தயம்மும் செய்து, உட்கார்ந்தபடியே தொழுதேன். அதன் பிறகு ஃபோன் அடித்தது. மேஜை மேல் அது வெளிச்சம் போட்டு நகர்வதைப் பார்த்தேன். நின்றுவிட்டது. திரும்ப அடித்தது. திரும்பவும் நின்றுவிட்டது.

கூப்பிட்டவர் நாகராஜ் என்பது பின்னால்தான் தெரிந்தது. திருவான்மியூரில் வேறொரு வேலை சீக்கிரம் முடிந்ததால், என் வேலையையும் அன்றே முடித்துவிடலாம் என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். நான் எப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன், எடுக்கவில்லை என்பதால் அவராகவே புறப்பட்டு வந்துவிட்டார். காலிங் பெல் அடிப்பது எனக்குக் கேட்டது. அதன் பிறகு அவர் தெருப்பக்கம் சுற்றி வந்து மேலே பார்த்தார்.

"இன்னாம்மா, கதவு சாத்திக்கிச்சா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருப்பதைக் கையால் காட்டினேன்.

"அப்டியே குந்து. நான் வரேன்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறி, முதல் மாடி பால்கனியின் இரும்புக் கிரில்லைப் பிடித்து ஏறி, கிரில்லின் மேல் கால் வைத்து என் பால்கனிக்குள் வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கேட்டார். கொடுக்க என்னிடம் இல்லை. "எவ்ளோ நேரமா இங்க கீறே?" என்று கேட்டார். நான் சொன்னதும் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவின் அடியில் கொடுத்து நெம்பினார். கதவு தடத்தை விட்டு மேலே எழும்பியது. அடிப்பக்கத்தை வெளியே இழுத்து, கொக்கியிலிருந்து விடுவித்தார். கதவு பால்கனிப் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு மூலைக்கு அவர் ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுக்க, மறுபக்கத்தை நான் தோளால் தாங்கிக்கொண்டேன். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு. கதவை விட்டால் அது சுவரைத் தாண்டித் தெருவில் விழும் என்று அவர் எச்சரித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோகத் தயாரானோம்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து, "டேய், யார்ரா அது? திருடன், திருடன்" என்று ரகுபதி அவர்கள் சத்தம் போட்டார். கல்யாண மண்டபத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் "திருடன் இல்லை, இது என் வீடு" என்று சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சிலர் எங்கள் படிக்கட்டில் ஏறி வந்து முன்கதவை உதைத்தார்கள். நாகராஜ், "நீ இதப் புடிச்சிக்கினு இரும்மா, நான் போய் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, கதவுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து உள்ளே போய், தாழ்ப்பாளைத் திறந்தார்.

அவர் போகும்போது கையில் எதுவும் இல்லை. அவர் ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதாக, ரகுபதி அவர்கள் தரப்பில் கொடுத்த புகாரில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அது தவறு. ஸ்க்ரூ டிரைவர் கடைசி வரை என் காலடியில் கதவுக்கு முட்டாக இருந்தது. காவலர்கள் வந்து கதவைத் தூக்கியபோது அவர்கள்தான் அதை எடுத்தார்கள். ரகுபதி அவர்களின் மைத்துனருக்குக் கையில் காயம் எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. படிக்கட்டுச் சன்னலின் கண்ணாடி உடைந்து, அதன் விளிம்பில் ரத்தம் இருந்ததைப் பின்னால் பார்த்தேன்.

அவரை அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "அம்மா உள்ள கீறாங்க, அவங்களக் கேளுங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் கேட்டது. கதவை விட்டுவிட்டு ஓடினால் போய்த் தடுத்திருக்கலாம். ஆனால் கீழே தெருவில், பால்கனிக்கு நேராக, பெண்களும் குழந்தைகளும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நான் கதவை விடவில்லை. அதன் பிறகு படிக்கட்டில் யாரோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவருடைய குரல் கேட்கவில்லை.

ரகுபதி அவர்கள் ஹாலைத் தாண்டிப் பால்கனி வரை வந்தார். நான் தலையில் போர்வையோடு கதவைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "ஏய், நீ யாரு? நீயும் அவன்கூட வந்தவளா?" என்று கேட்டார்.

"இது என் வீடுங்க" என்றேன்.

"இந்த வீட்டுல யாருமே இல்லையே. ரொம்ப வருஷமா பூட்டியில்ல கிடக்கு?" என்றார்.

காலியாக இருக்கிறது என்று கீழ்வீட்டைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள். உதவி ஆய்வாளர் நெடுஞ்செழியன் என்னிடம் ஆதார் அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதில் தியாகராய நகர் முகவரி இருந்தது. நான் மாற்றவில்லை. இந்தத் தெருவில் உங்களைத் தெரிந்தவர் யாராவது ஒருவரைச் சொல்லுங்கள் என்றார். வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாரும் என்னைத் தெரியும் என்று சொல்லவில்லை, நானும் யாரையும் காட்ட முடியவில்லை. என்னைத் தெரிந்தவரை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண் காவலர் தாரணி குடிக்கத் தண்ணீர் கேட்டார். சமையலறைக்குப் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறார். "சார், இவங்க வீடுதான் சார். லைட்டு கூடப் போடல, கை நேரா டம்ளருக்குப் போகுது" என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னார். அதன் பிறகு பீரோவிலிருந்த பத்திரத்தையும் காட்டினேன்.

இன்று காலை ரகுபதி அவர்கள் தம் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். தெருவில் போன மாதம் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததாகவும், அந்தப் பயத்தில் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "ஆள் இருக்குன்னே தெரியாமப் போச்சும்மா. இனிமே எதுவா இருந்தாலும் ஒரு குரல் குடுங்க, ஓடி வந்துடுறோம்" என்றார்.

"நேத்து காலையிலேர்ந்து உங்களைத்தாங்க கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவருடைய மனைவி பால்கனிக்குப் போய், அங்கிருந்து தம் வீட்டுச் சன்னல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

நாகராஜ் என் வீட்டுக்குள் திருட வரவில்லை. யாரையும் குத்தவில்லை. நான் கூப்பிடாமலேயே எனக்காக வந்தார். அவருக்கு வலது காலில் எலும்பு முறிந்திருக்கிறது. அவர் மேல் கொடுத்த புகாரை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனையில் அவரோடு தங்க ஆள் யாரும் இல்லை என்று நர்ஸ் சொன்னார். ஆகவே கூட இருப்பவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

பெண் காவலர் தாரணி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்ததைத்தான் சொன்னேன், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
நஸ்ருன்னிசா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
நெடுஞ்செழியன், உதவி ஆய்வாளர்