கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

– புகார் இல்ல அண்ணி. வந்ததுலேர்ந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். அவங்க புகாரே சொல்லல.

– பஸ்ஸை நடுத்தெருவுல நிறுத்தி, ஊர் சுத்திப் பாக்க வந்த தோல் டாக்டருங்களை அழ வெச்சு அனுப்பியிருக்கேன். புகார் சொல்லாம பூச்செண்டா குடுப்பாங்க?

– கிட்டத்தட்ட அப்படித்தான். மாநாடு நடத்துற நெர்மின் மேடம் காலையில அடானாவுலேர்ந்து போன் பண்ணாங்க. 'உங்க கைடு பெஹியே அம்மாவை எங்க ஆளுங்க சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க'ன்னாங்க.

– எதுக்காம்? குகைச் சர்ச்சுக்கா, மொசைக் மியூசியத்துக்கா?

– அந்த அமைதிக்கு. என்னதான் நடந்துச்சு அண்ணி? நான் குனெஃபே இனிப்புக் கடையில நாற்காலி பிடிச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தேன். டிரைவர் ஹிடிர்கிட்ட கேட்டா ஸ்டீயரிங்கையே பாத்துட்டிருக்கான்.

– மைக்கு கரகரன்னுச்சு. கடைசி வரிசையில ரெண்டு பேர் காதுகிட்ட கையைக் காட்டினாங்க. பூகம்பத்துக்கு முன்னாடி எத்தனை வருஷக் கைடு பழக்கம், வாயில வந்துடுச்சு. 'என் குரல் கேக்குறவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டேன்.

– ஐயோ அண்ணி.

– தெரியும். பூகம்பம் வந்து மூணு வருஷமா அந்தாக்கியாவுல ஒருத்தர் வாயிலேர்ந்தும் அந்தக் கேள்வி வரல. போன்ல லைன் சரியில்லன்னா வெச்சுட்டு மறுபடி அடிக்கறோமே தவிர, கேக்குதான்னு கேக்கறோமா? நான் கேட்டுட்டேன். அதுவும் மைக்ல. அதுவும் நம்ம கட்டடம் இருந்த இடத்துக்கு நேர் எதிர்ல.

– ஹிடிர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டான்னு மேடம் சொன்னாங்களே.

– அவன் பண்ணல, அவன் கை பண்ணிடுச்சு. அந்தக் கேள்வி காதுல விழுந்தா வண்டியை நிறுத்தணும், மூச்சை அடக்கணும், இடிபாட்டுக்கு அடியில ஏதாவது முனகல் வருதான்னு காது குடுக்கணும். அன்னிக்கு அப்படித்தானே இருந்தோம். அவன் நிறுத்தினதும் எதிர்ல கிரேன்காரன் நிறுத்தினான். சிமெண்டு கலக்குற மெஷின் நின்னுச்சு. டீ கொண்டுபோன ஆளு தட்டோட அப்படியே நின்னுட்டான். தெருவே நின்னுச்சு ரிஃப்கி.

– ரொம்ப நேரமா?

– பதில் வர்ற வரைக்கும் நிக்கறதுதானே வழக்கம். பதில் எங்கேர்ந்து வரும்? அங்க இப்ப முள்ளுச்செடிதான் இருக்கு. கடைசியில ஒரு டாக்டரம்மா தும்மினாங்க. அப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. கிரேன்காரன் என்னைப் பாத்து ஒரு பார்வை பாத்தான் பாரு, அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

– தும்மினதைப் பத்தி மேடம் எதுவும் சொல்லல.

– சொல்ல மாட்டாங்க. எறங்கும்போது அந்த அம்மாதான் என் கையைப் பிடிச்சுப் பாத்து, 'இந்த வெடிப்புக்கு இந்தக் களிம்பு போடுங்க'ன்னு எழுதிக் குடுத்தாங்க. நல்ல மனுஷி. வேற என்ன குடுக்க முடியும் அவங்களால?

– அண்ணி, நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். நாளைக்கு மிச்சம் பாதிப் பேர் வர்றாங்க இல்ல?

– வரட்டும். மைக்கை ரிப்பேருக்குக் குடு. மறுபடி அப்படி நடக்காது.

– நடக்கணும்ங்கறாங்க.

– என்ன?

– நேத்து வந்தவங்க ராத்திரிச் சாப்பாட்டுல போய்ச் சொல்லியிருக்காங்க. வராதவங்களுக்கெல்லாம் மனத்தாங்கல். 'எங்களுக்கும் அந்த இடத்துல நிறுத்தணும், அந்த அம்மா அதே மாதிரி கேக்கணும்'னு. மேடம் நாளைக்கான நிகழ்ச்சி அட்டையில அச்சடிச்சே போட்டுட்டாங்க.

– என்னன்னு போட்டிருக்காங்க?

– 'மௌனம்'னு.

– நீ வியாபாரத்துக்குக் கூட்டிட்டுப் போற சோப்புக் கடைக்கு முன்னாடியா, பின்னாடியா?

– பின்னாடி. அழுதுட்டு வந்தா யாரும் சோப்பு வாங்க மாட்டாங்கன்னு நான்தான்... அப்படிப் பாக்காதீங்க அண்ணி.

– யோசிச்சுதான் வெச்சிருக்க. கிரேன்காரன்கிட்டயும் சொல்லி வெச்சிட்டியா, சரியா அந்த நேரத்துக்கு நிறுத்தணும்னு?

– இன்னும் இல்ல.

– இன்னும் இல்லையாம். உங்க அண்ணன் செத்த இடம் ரிஃப்கி அது. நான் இருபத்தி ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தின வீடு.

– எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா? இங்க பாருங்க, நான் சுத்தி வளைக்கல. இந்த டாக்டருங்களுக்குப் பிடிச்சிருந்தா அடுத்த மாசம் வக்கீலுங்க மாநாடு, அதுக்கப்புறம் ஏதோ பல்கலைக்கழகத்து ஆளுங்க. எல்லாம் மேடம் கையில. இல்லன்னா இந்த பஸ்ஸை ஹிடிருக்கே குடுத்துட்டு நான் மெர்சினுக்குப் போயிடுவேன். மச்சான் கடையில ஒரு வேலை இருக்கு.

– போயிடுவியா?

– போகாம? எல்லாரும் போயாச்சு. நம்ம குடும்பத்துல இந்த ஊர்ல மிச்சம் யாரு? நீங்க ஒரு தகரப் பெட்டி வீட்டுல, நான் ஒரு தகரப் பெட்டி வீட்டுல. காலையில எழுந்து இல்லாத தெருவுக்கெல்லாம் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி, இங்கதான் பழைய சந்தை, இங்கதான் பள்ளிவாசல்னு வெறும் காத்தைக் காட்டறோம். இதுக்குப் பேரு டூரா அண்ணி? இழவு வீட்டுக்கு டிக்கெட் போட்ட மாதிரி இருக்கு.

– அதைத்தான் இப்ப இன்னும் நல்லா பண்ணலாம்ங்கற.

– ஆமா. ஏற்கெனவே நாறிப்போச்சு, இதுல என்ன மானம்? நீங்களும் போயிடுவேன்னா சொல்லுங்க, நாளைக்கே எல்லாத்தையும் மூடிடறேன்.

– நான் எங்க போவேன்? அவரை வெச்சிருக்கிற மண்ணு இங்கதான் இருக்கு. நீயும் போயிட்டா பெருநாளைக்குக் கல்லறைக்குப் போறப்ப என் கூட நிக்க ஆள் இல்ல. அது உண்மை. அதுக்காக இதைச் செய்யச் சொல்லாத.

– ஒரு வார்த்தை அண்ணி. ஒரே ஒரு வார்த்தை. நேத்து தவறிச் சொன்னதை நாளைக்குத் தெரிஞ்சு சொல்லப்போறீங்க.

– தவறிச் சொன்னதுக்கே ராத்திரி பூரா கண்ணு மூடல. தெரிஞ்சு சொன்னா அப்புறம் நான் மனுஷியா?

– சரி. விடுங்க.

– எங்க போற? உக்காரு. காப்பி ஆறுது.

– நீங்க சொல்ல வேணாம். உங்களைப் போட்டுப் படுத்தறது பாவம். நீங்க குகைச் சர்ச்சு, மியூசியம் பாருங்க. அந்த இடம் வந்ததும் பஸ்லயே உக்காந்துக்கங்க. நான் எறங்கி நின்னு கேக்கறேன்.

– நீயா?

– ஏன், என்ன? அன்னிக்கு உண்மையிலயே கேட்டவன் நான்தானே. உங்களை விட எனக்கு நல்லா வரும்.

– ரிஃப்கி, விளையாடாத.

– விளையாடல. அந்த மைக்கை எடுங்க, கரகரன்னு இருக்கான்னு பாக்கறேன். 'என் குரல் கேக்குற...'

– வை கீழே. அதை வைன்னா வை.

– அண்ணி, மைக்கை ஏன் பிடுங்கறீங்க?

– நான் கேக்கறேன். நாளைக்கு நானே கேக்கறேன். வக்கீலுங்க வந்தாலும் கேக்கறேன். அட்டையில போட்டபடி நடக்கட்டும். நீ அங்க வராத. குனெஃபே கடையிலயே இரு.

– இப்பதான் மனுஷியான்னு கேட்டீங்க?

– அது என் பாடு. உனக்கு ஆளுங்க வரணும், அவ்வளவுதானே? வருவாங்க. நீ மட்டும் அந்த இடத்துல நின்னு அந்தக் கேள்வியைக் கேக்கக்கூடாது.

– எனக்காகவா பயப்படறீங்க? அட போங்க. எனக்கு அங்க எந்தப் பயமும் இல்ல. மூணு வருஷமா நான் சோறு திங்கறேன், தூங்கறேன்னா எதனால? அன்னிக்கு அந்தக் கான்கிரீட் மேல குப்புறப் படுத்து விடிய விடியக் கேட்டேன். ஒரு சத்தம் வரல. வந்திருந்தா நகத்தாலயே தோண்டியிருப்பேன். வரலன்னு தெரிஞ்சுதான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன், அங்க ஒரு பொண்ணை உயிரோட எடுத்தோம். அண்ணன் தூக்கத்துலயே போயிட்டான். ஒண்ணும் தெரியாம போயிட்டான். அதனால அங்க நின்னு என்ன கேட்டாலும் அது வெறும் கேள்விதான்.

– சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியே நினைச்சுக்க. வராத, அவ்வளவுதான்.

– நினைச்சுக்கவா? நினைச்சுக்கன்னா என்ன அர்த்தம்?

– ஒண்ணுமில்ல. வாய் தவறிடுச்சு. காப்பியைக் குடி.

– உங்களுக்கு இப்பல்லாம் ரொம்ப வாய் தவறுது. யாரு என்ன சொன்னாங்க உங்ககிட்ட?

– யாரும் ஒண்ணும் சொல்லல.

– என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே மைக்கை எடுத்துட்டு நேரா அங்க போயி, ஊரே கேக்குற மாதிரி...

– வேணாம் ரிஃப்கி. கெஞ்சிக் கேக்கறேன், வேணாம். நம்ம கட்டடத்துக் கீழ் வீட்டு லெமான் அக்காவை அஞ்சாம் நாள் இடிபாட்டுலேர்ந்து உயிரோட எடுத்தாங்களே, அவங்க ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னது. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு அவங்ககிட்ட அன்னிக்கே சத்தியம் வாங்கிட்டேன்.

– என்ன சொன்னாங்க?

– நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் உங்க அண்ணன் 'கேக்குதுடா ரிஃப்கி'ன்னு பதில் சொல்லிட்டே இருந்தாராம்.