குணம் பார்த்து வாங்கிய நாய்

நாய் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள், ஐயா. குணம் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தால் இன்னும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். நான் யோசித்துத்தான் வாங்கினேன். உங்கள் ஏட்டு அதை ‘வெறிநாய்’ என்று எழுதியிருக்கிறாராம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதைத் திருத்தத்தான் பசுமலையிலிருந்து இந்த வெயிலில் நடந்து வந்தேன்.

என் மகள் சோலையம்மாளைப் பேரையூர் விருமாண்டிக்குக் கட்டிக்கொடுத்தேன். அவள் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளும் போனபின் வீட்டில் நான் இருமினால்கூட ஏனென்று கேட்க ஆள் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அவள் வந்த அன்றே, “அம்புட்டுச் சோத்தையும் வச்சுட்டு எந்திரிச்சா என்னப்பா அர்த்தம்?” என்று அதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதமே கொடைக்கானலுக்கு பஸ் ஏறினேன்.

பருத்தி வியாபாரத்தில் பழக்கமான துரை ஒருவர் அங்கே நாய்கள் வளர்த்தார். வேட்டை நாயும் இருந்தது, மலைநாயும் இருந்தது. அவருடைய சமையல்காரன் மொக்கையன் மலைநாய்க் குட்டி ஒன்றைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

“இது அவுக ஊர்ப் பனிமலையில ஆட்டுக்கிடைக்குக் காவல் கெடக்குற சாதிங்க. குட்டியில எதுகூட வளருதோ அதைத் தன் ஆடுன்னு நெனைச்சுக்கிரும். கிடைக்குள்ள வாரவனை ஒண்ணும் செய்யாது. ஆட்டைத் தூக்கிட்டு வெளிய போறவனைத்தான் விடாது.”

அதற்கப்புறம் நான் வேட்டை நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுரை வெயில் அதற்கு ஆகாது. கிணற்றடியில் ஆற்றுமணல் கொட்டி, ஈரச்சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். சித்திரையில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறேன். பேரன் பிறந்ததும் நாய் தொட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிள்ளை காதைப் பிடித்து இழுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படி ஒரு பொறுமை மனுஷனுக்குக்கூட வராது.

மாப்பிள்ளை வந்து கூப்பிட்டபோதெல்லாம் நாயைக் கொல்லையில் கட்டிவைத்தேன். ஆடி போகட்டும் என்றேன். பிறகு மழை, பிள்ளைக்குச் சளி என்றேன். மார்கழியில் யாராவது அனுப்புவார்களா என்றேன். அவரும் பொறுத்துப்போனார். அவர்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இடைப்பட்ட நாட்களில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். வேலைக்காரன் பேச்சிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடப்பான். நாய் மறிக்கும். நான் ஒரு துண்டுக் கறி போடுவேன். போகப் போக அது மறிப்பதோடு நிற்கவில்லை. ஒருநாள் அவன் வேட்டி முழங்கால்வரை கிழிந்தது.

“மொதலாளி, இது வெளையாட்டு மாதிரித் தெரியல. எனக்குப் பயமா இருக்கு,” என்றான்.

அன்றைக்கு இரண்டு துண்டு போட்டேன்.

தை பிறந்து மாப்பிள்ளை வந்தார். நாயை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்துவிட்டு, “ஏன் மாமா, கன்னுக்குட்டிய நாய்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டானா?” என்று சிரித்தார். நாய் அவர் காலை மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சாப்பிடும்போது ஒரு கவளத்தை அதற்கு நீட்டினார். “வேணாம் மாப்ள, அது வேத்தாள் கையில திங்காது,” என்று தடுத்தேன். தின்றிருக்கும். தின்றால் பழகிவிடும்.

பேச்சிமுத்துவை வண்டியூருக்கு வைக்கோல் பார்க்க அனுப்பியிருந்தேன். அவன்மேல் பழி வரக் கூடாதல்லவா? வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. சோலை பிள்ளையைத் தூக்கப் போனாள். “முதல் தடவை படி தாண்டுறப்ப தகப்பன்தான் தூக்கணும், அதுதான் முறை,” என்றேன். அப்படி ஒரு முறை எங்கள் பக்கம் கிடையாது. நான் சொன்னால் அவள் நம்புவாள்.

“நாயைக் கட்டியாச்சாப்பா?” என்று கேட்டாள்.

“கட்டியாச்சுத்தா.”

கட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்துதான் சொன்னேன்.

விருமாண்டி பிள்ளையோடு படி தாண்டினார். நாய் அவர் கழுத்தைப் பிடித்தது. பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் குனிந்தவர், அப்படியே விழுந்தார். அந்தக் கையை அவர் கடைசிவரை எடுக்கவில்லை. சோலைதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிள்ளையை வாங்கினாள். பிள்ளைமேல் ஒரு கீறல் இல்லை. வெறிநாயாக இருந்தால் பிள்ளையை விட்டுவைக்குமா? நீங்களே சொல்லுங்கள். என் நாய் எப்பேர்ப்பட்ட நாய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாய்மேல் குற்றம் இல்லை. செய்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் உங்கள் ஆட்கள் அதைச் சுட்டுவிட்டார்கள். அந்தக் குதிரைவண்டியிலேயே புருஷன் உடம்போடு சோலை பேரையூருக்குப் போனாள். பிள்ளையையும் கொண்டுபோய்விட்டாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. துக்கம் ஆறியதும் வந்துவிடுவாள். இனி அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நாயைச் சுடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே படி தாண்டியிருக்க மாட்டாள்.

துரையிடம் இன்னொரு குட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பெட்டையாகக் கேட்டேன். பெட்டை என்றால் பிள்ளையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுமாம்.