சோதனை நாள் எடைக்கல்

எனக்குக் காகிதங்களைத் தொலைக்கும் பழக்கம் கிடையாது. மற்றதையெல்லாம் தொலைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, குடை, ஒருமுறை வலது கால் செருப்பு. அது கடைத்தெருவில் எங்கோ கழன்று விழுந்தது தெரியாமல் அரை மைல் நடந்து வந்திருக்கிறேன். வாசலில் நின்ற உன் அப்பா, "அண்ணா, இன்னொண்ணை யாருக்கு தானம் பண்ணீங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். இருபது வருடச் சர்க்கரை என் பாதத்தின் உணர்ச்சியை அப்படித் தின்றுவிட்டிருந்தது. ஆனால் காகிதம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அதனால்தான் நேற்று உன்னிடம் மாட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருக்கிறாய், அவருடைய பழைய ரிப்போர்ட்டெல்லாம் மருத்துவமனையில் கேட்கிறார்கள் என்று வந்தாய். நான் பெருமையாக நீல ஃபைலை எடுத்து நீட்டினேன். தேதி வாரியாகக் கோர்த்தது. நாலாவது தாளில் உன் விரல் நின்றது.

"பெரியப்பா, உங்களுக்கு கிட்னி குடுத்த ஆபரேஷனுக்கு நாலு மாசம் முன்னாடியே அப்பாவுக்கு சுகர் இருந்திருக்கே. உங்களுக்குத் தெரியுமா?"

டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஃபைலும் இல்லை. இரண்டு டீயையும் நானே குடித்தேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதித் தருவதுதான் முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டேன். என்னைக் கண்டால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஆனால் என் மேசை இழுப்பறையில் அரசாங்க எடைக்கல் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஊர் எடையைத் திருத்தினேன். என் வாயை எந்த ஆய்வாளரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிரித்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தாகத்தில் குழாயடியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் பெரியம்மா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை.

உன் அப்பாவை நான் கேட்கவே இல்லை. அவனாகத்தான் சொன்னான். பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டே, கையில் செம்புக் கம்பியோடு, தலை நிமிராமல் சொன்னான். "ரெண்டு மோட்டார்ல ஒண்ணு ஓடினா போதும்ணா. இன்னொண்ணு ஸ்பேர்தானே." அவன் ஒன்பது வயது இளையவன். சின்ன வயதில் அவனுக்கு வந்த பட்டத்தையும் பம்பரத்தையும் நான் பிடுங்கிக்கொண்டதுண்டு. இதை அவனே கொடுத்தான்.

மருத்துவமனைக்குப் போகுமுன் நானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தெருமுனை லேபுக்கு அழைத்துப்போனேன். தொழில் புத்தி. மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கப் போனதும் நான்தான். வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தொன்று. சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு. மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி ஒன்று. இந்த எண்களைப் படிக்க எனக்கு டாக்டர் தேவையில்லை. சர்க்கரை உள்ளவனிடம் சிறுநீரகம் எடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். லேப் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். ரொம்ப யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். எதிர்க்கடைக் கண்ணாடி ஜாடியில் இருந்த தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர்களிடம் ஒரு வேலை உண்டு. சரியான எடைக்கல் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருப்பார்கள். ஆய்வாளர் தலை தெரிந்ததும் அது வெளியே வரும். அவர் முத்திரை குத்திவிட்டுப் போனதும் எடை குறைந்த பழைய கல் திரும்பி வரும். எத்தனையோ பேரை இதற்காக அபராதம் கட்டவைத்திருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: சோதனை நாளுக்கென்று சரியான எடையில் ஒரு தம்பி.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உடம்பு இளைத்தால் ஆபரேஷனுக்கு நல்லது என்று அவனிடம் சொன்னேன். பட்டறையில் வேலை குவிந்திருக்கிறது, மூன்று மாதம் கழித்து வருகிறோம் என்று மருத்துவமனையில் சொன்னேன். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நின்றேன். உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடப் பையை அடுக்கிக்கொண்டிருப்பாய். அவன் பூங்காவைச் சுற்றி நடப்பான். நான் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவேன். அவன் தட்டில் சோறு எத்தனை கரண்டி என்பதை உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சிறுநீரகம் கெட்டதும் டாக்டர் என் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றியிருந்தார். பழைய மருந்துச்சீட்டு கைவசம் இருந்தது. காகிதம் தொலைக்கமாட்டேன் என்றேனே. அந்த மாத்திரைகளை வாங்கி வைட்டமின் புட்டியில் போட்டு, காலையும் மாலையும் ஒன்று என்று அவனுக்குக் கொடுத்தேன். புட்டியைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தான். மீன் வாடை அடிக்கிறது என்றான். மீன் எண்ணெயில் செய்தது என்றேன். அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. சந்தேகப்படுகிற புத்தி எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்தது.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தான். மருத்துவமனைச் சோதனையில் வெறும் வயிற்றில் தொண்ணூற்று நான்கு, சராசரி ஐந்து புள்ளி ஆறு. ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "வைட்டமின் மட்டும் சார். அண்ணன் வாங்கித் தர்றாரு" என்றான் சிரித்துக்கொண்டே. டாக்டர் என்னைப் பார்த்து, இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அவன் சர்க்கரையை அந்த மூன்று மாதம் நான் கவனித்ததுபோல வேறு யாரும் கவனித்ததில்லை. இதை நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் வைட்டமின் போதும் என்று புட்டியை வாங்கிக்கொண்டேன். நடையும் நின்றது. எனக்குக் காலை நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகம் கொடுத்தவர் வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு வரவேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வரும். விண்ணப்பத்தில் முகவரி என்னுடையது. ஆறு கடிதங்கள் வந்தன. போயிருந்தால் சர்க்கரை தெரிந்திருக்கும், எப்போதிருந்து என்று கேட்டிருப்பார்கள். நன்றாக இருக்கிறவனை எதற்குக் கலவரப்படுத்துவது என்று ஆறையும் துளையிட்டுக் கோர்த்து வைத்தேன். ஃபைலின் கடைசியில் இருக்கும், பார். தன் திருட்டைத் தேதி போட்டு அடுக்கி வைக்கிற திருடனை நீ பார்த்திருக்கமாட்டாய். இப்போது பார்த்துவிட்டாய்.

ஏழாவது வருடம் பட்டறையில் ஒரு செம்புக் கம்பித் துணுக்கு அவன் காலில் ஏறியது. மூன்று நாள் அவனுக்கே தெரியவில்லை. ரத்த ஓட்டம் இல்லாமல் கட்டைவிரல் கறுத்துப்போய் எடுத்தார்கள். "அண்ணன் செருப்பைத் தொலைச்சாரு, நான் விரலைத் தொலைச்சேன்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தான். அவனிடம் மிச்சமிருந்த ஒற்றை மோட்டாரும் நிற்கப்போகிறது என்று அப்போதுதான் சொன்னார்கள். இப்போது வாரம் மூன்று நாள் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குத் தாகம் எடுத்தால் எனக்குத்தான் தெரியும். அவன் எதிரில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: தெரியும். அவனுக்குத் தெரியுமுன், டாக்டருக்குத் தெரியுமுன், எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். அவனிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். என் மேல் அவனுக்கிருக்கிற மரியாதை ஒன்றுதான் இப்போது அவனைத் தாங்குகிறது.

உன் சோதனைகள் வியாழக்கிழமை என்றாய். வேலைக்குப் போகிறவள் லேபுக்கும் வீட்டுக்கும் அலையவேண்டாம். ரிப்போர்ட்டை நான் போய் வாங்கிவிடுகிறேன். எங்கள் ரத்த வகைதான் உனக்கும், உன் பள்ளிக்கூட அட்டையில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய என் கிரியாட்டினின் இந்த மாதம் இரண்டு புள்ளி நான்கு. கேட்கமாட்டாய், சும்மா சொல்கிறேன். வாங்கிய சிறுநீரகத்துக்கும் வயதாகுமாம். அது கிடக்கட்டும். நேற்றுப் பார்த்தபோது நீ கொஞ்சம் பருத்திருந்தாய், கண்ணு. நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்கிறேன்.