ஐம்பத்து நாலு படி

புல்டி: பேசிக்கிட்டே ஏறு அண்ணா. வாயை மூடிக்கிட்டு ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல.

ஷிபேன்: என்னத்தப் பேச?

புல்டி: எதையாவது. ஏறும்போது பேச வரணும், பாட வரக் கூடாது. அதுதான் உனக்கு அளவாம். ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லித்தர்ற பொண்ணு சுதேஷ்ணா எனக்கும் சேர்த்துத்தான் பாடம் எடுத்தா.

ஷிபேன்: நாடியைப் பிடிச்சுப் பாத்தாப் போதாதா?

புல்டி: நீ போடுற மாத்திரை நாடியை ஏற விடாதாம். பேச்சை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணுமாம்.

ஷிபேன்: ...பத்து, பதினொண்ணு, பன்னெண்டு...

புல்டி: எண்ணுறதெல்லாம் பேச்சுல சேராது.

ஷிபேன்: எட்டு வருஷம் பேசாம இருந்தவ, இப்ப படிக்குப் படி பேசுங்கிற.

புல்டி: ...அந்தக் குரங்குத் தொப்பியக் கழட்டு முதல்ல. வீட்டுக்குள்ள எதுக்கு?

ஷிபேன்: உங்க அண்ணி மாட்டி விட்டது. மார்கழிக் காத்துல நெஞ்சுல சளி கட்டிருமாம். ரத்தக் குழாயில ஸ்டென்ட் வெச்சிருக்கான் ஒருத்தன், அவளுக்குச் சளியில பயம்!

புல்டி: காலைத் தூக்கி வை. இன்னமும் செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு... இந்தச் சத்தத்தக் கேட்டே அம்மா சோறு போட்டு வெச்சிருவா. நீ தெருமுனையிலதான் இருப்ப.

ஷிபேன்: அம்மா பேச்சு வேணாம் புல்டி.

புல்டி: ...சரி. முதல் மாடி வந்தாச்சு. அந்த ஸ்டூல்ல உக்காரு.

ஷிபேன்: நிக்கிறேன். மூச்சு வாங்கவே இல்ல பாரு.

புல்டி: ஆறு வாரம் சமதரையில நடந்துட்டு, இன்னிக்குத்தான் படின்னாங்க. ஆஸ்பத்திரியிலேயே படி இருக்கு, கைப்பிடி இருக்கு, நர்ஸ் இருக்காங்க. என் வீட்டுப் படிதான் வேணும்னு என்ன பிடிவாதம்?

ஷிபேன்: பயிற்சியில சேர்ந்த அன்னிக்கே அந்தப் பொண்ணு கேட்டா, உடம்பு தேறினதும் என்ன செய்யணும் உங்களுக்குன்னு. ஒருத்தர் பேத்தியைத் தூக்கணும்னார். ஒருத்தர் மைதானத்துல உக்காந்து ஃபுட்பால் பாக்கணும்னார். நான், என் தங்கச்சி வீடு மூணாவது மாடி, ஐம்பத்து நாலு படின்னேன்.

புல்டி: ஐம்பத்து நாலுன்னு யார் எண்ணிச் சொன்னா?

ஷிபேன்: உங்க அண்ணியாத்தான் இருக்கும். வா, ஏறுவோம்.

புல்டி: அவசரம் வேணாம்... மீன் சந்தையிலதானே வலி வந்துச்சு உனக்கு?

ஷிபேன்: ம். கட்லாவுக்குப் பேரம் பேசிக்கிட்டு இருந்தேன்.

புல்டி: பாய்ஃபோட்டா அன்னிக்கு. ஊர்ல எல்லா அண்ணன் தம்பியும் கூடப்பிறந்தவ கையால சந்தனம் வாங்க நெத்தியக் காட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல.

ஷிபேன்: எனக்கு வெச்சு விட யார் இருந்தா? ...வாயுன்னு நெனச்சேன். வழியில நாலு கச்சோரி தின்னிருந்தேன். ஒரு சோடா, ரெண்டு செரிமான மாத்திரை. வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்.

புல்டி: மூணு மணி நேரம்! டாக்டர் அதுக்குத்தானே திட்டினார். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்ற பாதிப் பேர் வயித்து மருந்து குடிச்சுட்டுத்தான் வர்றீங்கன்னு. செத்துப்போன தசை திரும்ப வராதுன்னு.

ஷிபேன்: மிச்சம் இருக்கிறது போதும், உன் வீட்டுக்கு ஏற. ...எட்டு வருஷம் சந்தனத்தை என்ன பண்ணின நீ?

புல்டி: கதவு நிலையில வெச்சேன். தூரத்துல இருக்கிற அண்ணனுக்கு அப்படித்தானே வைப்பாங்க.

ஷிபேன்: தூரமா? நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, ஷ்யாம்பஜாருக்கும் பாக்பஜாருக்கும், பத்து நிமிஷ நடை.

புல்டி: அம்மா உன் பேரைச் சொல்லிக்கிட்டே கண்ணை மூடினப்ப, நீ பூரிக்குப் போய்க் கடல் பாத்துக்கிட்டு இருந்தியே. அது தூரம்.

ஷிபேன்: அதைத்தான் காரியத்தன்னிக்கே பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டியே. என் வாசலை மிதிக்காதேன்னு.

புல்டி: சொன்னேன்... நில்லு. பேச்சு உடையுது உனக்கு.

ஷிபேன்: அது மூச்சினால இல்ல.

புல்டி: சாய்ஞ்சு நில்லு. ரெண்டாவது மாடி. பாதிக்கு மேல வந்துட்ட.

ஷிபேன்: இந்தத் திருப்பத்துல ஒரு பச்சை சைக்கிள் சாத்தியிருந்துச்சே... எங்க?

புல்டி: கீழ் வீட்டுக்காரங்களோடது. காலி பண்ணிட்டுப் போய் ஒரு மாசமாச்சு.

ஷிபேன்: ஓ.

புல்டி: நீ இந்த வீட்டுக்கு இன்னிக்குத்தானே முதல் தடவை வர்ற?

ஷிபேன்: ...

புல்டி: பேசணும் அண்ணா. பேசாம நிக்கக் கூடாது.

ஷிபேன்: அன்னிக்கு... மீன் சந்தைக்குப் போகல. இங்கதான் வந்தேன். கையில சந்தேஷ் இனிப்பு டப்பா. எண்ணிக்கிட்டே வந்தேன், முப்பத்தாறாவது படியில... யாரோ நெஞ்சு மேல முழங்காலை வெச்சு அழுத்துற மாதிரி. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மேல பாத்தேன், உன் கதவு தெரிஞ்சுது. இன்னும் பதினெட்டுதான். நல்லபடியா நின்னு, வந்துட்டேன் பாருன்னு சொல்லணும்னு வந்தவன், வேர்த்து வழிஞ்சுக்கிட்டு உன் வாசல்ல போய் விழவான்னு... இறங்கிட்டேன்.

புல்டி: அண்ணிகிட்டகூட ஏன் சொல்லல?

ஷிபேன்: உன் படியில வந்துச்சுன்னு தெரிஞ்சா, நீ அதையே நெனச்சு நெனச்சு உருகுவ. சந்தையோட போகட்டும்னு விட்டேன். ...டப்பாவைத் தூக்கத் தெம்பில்ல. அந்தச் சன்னல்ல வெச்சுட்டுப் போனேன். எறும்பு தின்னிருக்கும்.

புல்டி: எறும்பு தின்னல.

ஷிபேன்: அப்ப?

புல்டி: நான் எடுத்துட்டுப் போனேன். நீ தெருவுக்கு இறங்கினப்புறம்... முதல் மாடியிலேயே உன் செருப்புச் சத்தம் கேட்டுருச்சு அண்ணா. சுண்டுவிரல்ல சந்தனத்தைத் தொட்டுக்கிட்டு, கதவுக்கு உள்பக்கம் வந்து நின்னேன். தட்டட்டும், தட்டினாத் திறக்கலாம்னு. சத்தம் நின்னுச்சு. அப்புறம் இறங்குச்சு... எவ்வளவு மெதுவா இறங்குச்சுன்னு எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அப்பவும் தாழ்ப்பாள்ல கை வைக்கல.