ஏழாம் படுக்கையின் இதயம்

— வேண்டாம்னா வேண்டாம். போயிட்டு வாம்மா.

— சரிக்கா. ரொம்ப நன்றி.

— என்னது, நன்றியா? மாட்டேன்னு சொன்னதுக்கா?

— ஆமாக்கா. புதுச் சட்டம் வந்திருக்கு. நான் டாக்டர் இல்ல, மாணவிதான்னு முதல்லயே சொல்லிடணும். கேட்டுட்டுத்தான் தொடணும். நீங்க மாட்டேன்னா நன்றி சொல்லிட்டு நகர்ந்துடணும். அதனால உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது.

— அடடே! அதான் காலையிலேருந்து ஒவ்வொருத்தரா வந்து பவ்யமா நிக்கிறாங்களா? முன்ன ஒரு தடவை இங்க படுத்திருந்தப்போ கும்பலா வந்தாங்க பாப்பா. நெஞ்சுல குழாயை வெப்பாங்க, "உம்"னு ஒரு சத்தம், அடுத்த ஆள். ஒருத்தராவது என் முகத்தைப் பார்க்கணுமே! பஸ்ஸுல கண்டக்டரா இருக்கேன் நான். நெரிசல்ல டிக்கெட் கிழிக்கும்போதுகூட ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

— கண்டக்டரா? அதான் வார்டு முழுக்கக் கேக்குது உங்க குரல்.

— வாய்க்கொழுப்பைப் பாரு! என்ன படிக்கிறே?

— பல் மருத்துவம்.

— பல்லா? பல்லுக்காரிக்கு நெஞ்சுல என்ன வேலை? ஸ்டாப் மாறி இறங்கிட்டியா?

— எல்லாரும் அப்படித்தான் கேலி பண்றாங்க. பல் படிக்கிறவங்களும் சில வாரம் பெரிய ஆஸ்பத்திரியில கத்துக்கணும்னு அதே சட்டம்தான் சொல்லுது. காரணம் இருக்குக்கா. உங்களுக்கு இதயத்துல ஓட்டை. தெரியாம நான் ஒரு பல்லைப் பிடுங்கிட்டேன்னு வைங்க, வாய்க்கிருமி ரத்தத்துல கலந்து நேரா அந்த ஓட்டைகிட்ட போய்க் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும். அதனால அந்த இதயம் எப்படிச் சத்தம் போடும்னு எனக்கும் தெரிஞ்சிருக்கணும். இந்த வார்டுல அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

— பாரேன், எனக்கு இவ்வளவு கிராக்கியா! அதுவும் நாளையோட சரி. காலையில ஆபரேஷன் வெச்சிருக்கார் பெரிய டாக்டர். சாயங்காலத்துக்குள்ள சரி, இல்லன்னு பதில் சொல்லணும்.

— என்ன சொல்லப் போறீங்க?

— இல்லன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.

— ஏங்க்கா? பயமா?

— பயமா? பிரேக் பிடிக்காத வண்டியில மலைப்பாதை இறங்கினவ நான். இது வேற.

— வீட்டுல என்ன சொல்றாங்க?

— வீட்டுக்காரர் பண்ணியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். அவர் அப்படி நிக்கிறதைப் பார்த்தாத்தான் எனக்கு மனசே வரல. சரி, அதை விடு. முகத்தைப் பார்த்துப் பேசினே, வா, வெச்சுப் பாரு. ஆனா ஒண்ணு, "உம்" கொட்டிட்டு ஓடக் கூடாது. கேட்டதை என்கிட்டயும் சொல்லணும்.

— கண்டிப்பா சொல்றேன். இருங்க, குழாய் ஜில்லுன்னு இருக்கும், கையில தேய்ச்சுக்கறேன். இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சுக்கோங்க... அம்மாடி!

— என்ன? என்னாச்சு? ஏய் பாப்பா, வாயைத் திற. கண்ணு ஏன் கலங்குது? அவ்வளவுதானா நான்?

— அய்யோ, இல்லக்கா! மன்னிச்சிடுங்க. புத்தகத்துல ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தாங்க. இப்படி இருக்கும்னு யாருமே சொல்லல. எல்லாருக்கும் லப், டப்னு அடிக்கும். உங்களுக்கு அந்த ரெண்டும் தெரியாம ஒரு பெரிய காத்து பாயுது. ஒவ்வொரு துடிப்புக்கும் பாயுது. நீங்க பிறந்ததிலேருந்து ஒரு நொடி நிக்காம பாய்ஞ்சுட்டே இருந்திருக்கு. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுக்கா. இங்க கை வெச்சா உள்ளங்கையிலயே உர்ருன்னு தெரியுது.

— அது தெரியும்.

— உங்களுக்கா?

— தெரியும், விடு. அந்தக் குழாயை என் காதுல மாட்டு.

— இதுவரைக்கும் நீங்க கேட்டதே இல்லையா?

— என் நெஞ்சை ஊரே கேட்டாச்சு. என்கிட்ட யாரு குழாயை நீட்டினா? மாட்டு.

— இப்படி... காதுக்குள்ள நல்லா அழுத்திக்கோங்க. கேக்குதா?

— பேசாதே... பேசாதே... டிப்போவுல டயருக்குக் காத்து ஏத்துவாங்களே, அதே சத்தம். ஷ்ஷ்... ஷ்ஷ்... யம்மா, எவ்வளவு வேகம்! இதை உள்ள வெச்சுக்கிட்டா நான் சில்லறைக்குச் சண்டை போட்டுட்டு இருந்தேன்? இதுவா நானு?

— நீங்கதான்க்கா.

— ஓட்டையை அடைச்சா இது என்னாகும்?

— நின்னுடும். எல்லாரையும் மாதிரி லப், டப் மட்டும்தான்.

— துளிகூட மிச்சம் இருக்காதா? உள்ளங்கைக்குத் தெரியற அளவுக்காவது?

— அந்த உர்ரு இருக்காதுக்கா. அது நிக்கணும்னுதானே ஆபரேஷன்.

— அடைக்கலைன்னா?

— அதைச் சொல்ற தகுதி எனக்கு இல்ல. பெரிய டாக்டர் சொல்லியிருப்பாரே.

— சொன்னாரு. கொஞ்ச வருஷத்துல வண்டியும் நிக்கும், சத்தமும் நிக்கும்னாரு. எப்படிப் பார்த்தாலும் இது போகத்தான் போகுது, இல்ல?

— ஆமாக்கா.

— இன்னும் ஒரு நிமிஷம் கேட்டுக்கறேன்... இவ்வளவு பெரிய விஷயமா இது! இதைப் போய் எங்க வீட்டு மனுஷன் போகட்டும், போகட்டும்ங்கறாரே. எவ்வளவு பெரிய மனசு இருந்தா அப்படிச் சொல்லத் தோணும்! இந்தா, குழாயைப் பிடி. பெரிய டாக்டரை வரச் சொல்லு. சரின்னு சொல்லிடறேன்.

— நிஜமாவாக்கா?

— நிஜமாத்தான். வேண்டாம்னு சொல்ற உரிமையைப் போதும் போதும்ங்கற அளவுக்கு அனுபவிச்சாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு உதவி. வராண்டாவுல நீலச் சட்டை போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற நேரம் முடிஞ்சிருந்தாலும் பரவால்லன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சிக் கூத்தாடியாவது உள்ள கூட்டிட்டு வா.

— இதோ, இப்பவே போறேன். குழாயும் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நாளைக்கு முன்னாடி அவரும் ஒரு தடவை கேட்டுக்கட்டும்.

— அது அவருக்கு வேண்டாம் பாப்பா. கூப்பிட்டா திரும்ப மாட்டார், தோளைத் தொட்டுக் கூட்டிட்டு வா. பிறவியிலேயே காது கேக்காது. கல்யாணமான நாள்லேருந்து என் நெஞ்சுல உள்ளங்கையை வெச்சுத்தான் தூங்கறார், இந்த உலகத்துல அவர் கேட்டிருக்கிற ஒரே சத்தம் இதுதான்.