தலையாட்டும் எதிரணி

“...அவன் உன் பேச்சைத் துண்டு துண்டா வெட்டிகினு இருக்கான், நீ ஆமா ஆமான்னு தலையாட்டிகினு நிக்கிறே. போன தடவை கோப்பை போனதே அதாலதான்டி.”

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். பத்து மணிக்குத் திருத்தணியில் அவர்களுக்கு விவாதப் போட்டி.

“வீட்ல நாலு தறி ஓடிகினே இருக்கும் ஹேமா. நைனா சொல்றது பாதி காதுல விழாது. எதுக்கும் தலையாட்டிடுவோம். அந்தப் பழக்கம்.”

“இன்னிக்கு ஆட்டினா உன்னை அங்கியே விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறிடுவேன். சரி, நான்தான் எதிரணி. வகுப்புல போன் வேணும். சந்தேகம் வந்தா உடனே தேடிக்கலாம்.”

கேட்டு முடிக்கும்வரை தறிக்காரர் மகள் தாடையைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். கையை எடுத்துப் பேசியதும் பேருந்தே திரும்பிப் பார்த்தது. தறிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல்.

“போன்ல தேடினா உனக்கு மட்டும்தான் புரியும். வாய்விட்டு டீச்சரைக் கேட்டா, கேக்க பயந்துகினு பக்கத்துல குந்தியிருக்கிறவளுக்கும் சேத்துப் புரியும்.”

மறுத்துப் பேச வாயைத் திறந்த ஹேமா, திறந்த வாயோடு மெல்லத் தலையாட்டினாள்.