வலசும் வலசையும்

கமலாத்தாள்: …அந்தப் பொட்டலத்து முடிச்ச அவுக்காதே கண்ணு. உன்ற அம்மாவே அவுக்கட்டும்.

செல்வப்பிரியா: ஏனுங்கத்தே, எங்கம்மா வர்றாங்களா?

கமலாத்தாள்: அவங்க எதுக்கு வர்றாங்க? நீதான போறே.

செல்வப்பிரியா: நானா… எங்கீங்க?

கமலாத்தாள்: புதுவலசுக்கு. உன்ற பொறந்த ஊட்டுக்கு. காத்தால போன்ல சொன்னியே, நாலு மாசம் வலசு போறதப் பத்தி. எனக்கு முழங்கால்தான் போச்சு, காது போகலை.

செல்வப்பிரியா: ஐயோ… அது ஊரைச் சொல்ற வலசு இல்லீங்க. வலசை!

கமலாத்தாள்: என்னமோ ஒண்ணு. என்ற மகன் பூபதி ஏதாச்சும் சொல்லிப்போட்டானா? வாரம் பூராம் மூணாறுப் பக்கம் தேவிகுளத்து ஆபீஸ்ல உக்காந்துட்டு, சனிக்கெழமையானா வந்து சண்டை கட்டறானா?

செல்வப்பிரியா: அவரு பாவமுங்க. வலசைன்னா… திமிங்கலம் கடல் விட்டுக் கடல் போறது.

கமலாத்தாள்: உன்ற கம்ப்யூட்டர்ல வாலு வாலா வெச்சுப் பாப்பியே, அதுவா?

செல்வப்பிரியா: அதேதானுங்க. கூன்முதுகுத் திமிங்கலம். ஒவ்வொண்ணு வால்லயும் ஒரு கோலம் இருக்கும். அத வெச்சே இன்னாருன்னு சொல்லீரலாம்.

கமலாத்தாள்: அதுக எதுக்கு ஊர் மாறுது?

செல்வப்பிரியா: சூடான கடல்ல குட்டி போடும். அங்க திங்க ஒண்ணும் பெருசாக் கெடைக்காது. மாசக்கணக்குல பட்டினி. அப்பறம் குட்டியக் கூட்டீட்டு பனிக் கடலுக்குப் போயி வயிறு முட்ட மீன் திங்கும்.

கமலாத்தாள்: பச்சப்புள்ளக்காரி பட்டினியா! பாலுக்கு என்ன பண்ணுவா?

செல்வப்பிரியா: ஒடம்புல சேத்து வெச்ச கொழுப்புதானுங்க.

கமலாத்தாள்: ஊடு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். நம்ம பூபதி பொழப்பாட்டத்தான்… வழி தப்பாதா?

செல்வப்பிரியா: தப்பாதுங்க. குட்டியில அம்மா கூட்டீட்டுப் போன அதே எடத்துக்குத்தான் வருசா வருசம் போகும்.

கமலாத்தாள்: மாமியா கூட்டீட்டுப் போக மாட்டாளா?

செல்வப்பிரியா: திமிங்கலத்துல மாமியாளே இல்லீங்கத்தே.

கமலாத்தாள்: குடுத்து வெச்சதுக! …சரி, போனை வெச்சுட்டு அழுதியே, அது எதுக்கு?

செல்வப்பிரியா: பாத்தீங்களா…

கமலாத்தாள்: கண்ணும் போகலை.

செல்வப்பிரியா: நார்வேக்கு வடக்கே, அதுக எரை எடுக்கற எடத்துக்கு ஒரு கப்பல் போகுதுங்க. வாலப் படம் புடிக்க. என்னையும் கூப்புட்டிருக்காங்க. நாலு மாசம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணும்.

கமலாத்தாள்: என்ன சொல்லப் போறே?

செல்வப்பிரியா: …வரலைன்னு.

கமலாத்தாள்: ஏன்? கடலுக்குப் பயமா?

செல்வப்பிரியா: போங்கத்தே. உங்களுக்கு ஆபரேசன் ஆயி ரெண்டு மாசங்கூட ஆகலை. அவரும் இங்க இல்லை. ராத்திரி எந்திரிக்கோணும்னா யாரு கை குடுப்பா?

கமலாத்தாள்: அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?

செல்வப்பிரியா: சொன்னா நீங்க போன்னுதான் சொல்லுவீங்க. அப்பறம் செவுத்தப் புடிச்சுட்டு நடப்பீங்க. அதுக்குத்தான் சொல்லலை. சரி, விடுங்க. இந்தப் பொட்டலத்துல என்னதானுங்க இருக்குது? எள்ளுருண்டைன்னா இப்பிடி மெத்து மெத்துன்னு இருக்காதே…

கமலாத்தாள்: அவுக்காதேன்னு சொன்னேனில்ல!

செல்வப்பிரியா: அவுத்துட்டேனே… அத்தே, இதென்ன, கம்பளித் தொப்பி… கையொறை… காலுக்கு ரெண்டு சோடி… தாராபுரத்து வெயில்ல எங்கம்மா இத மாட்டீட்டு எங்கீங்க போவாங்க?

கமலாத்தாள்: உன்ற புருசன் போன வாரமே எல்லாத்தையும் சொல்லிப்போட்டான், நாந்தான் மூணாறுல வாங்கியாரச் சொன்னேன். என்ற தங்கச்சி மருதாத்தா வந்து கூட இருக்கறேன்னுட்டா. கொங்கு நாட்டுல பொறந்தவளுக்கு வலசு எது, வலசை எதுன்னு தெரியாதா? நீயா வாயத் தொறக்கோணும்னுதான்… அழுகாதே சாமி, மொதல்ல போனை எடு. ஓணத்துக்கு அவன் ஆபீஸ்ல லீவு உடுவாங்க, அதுக்குள்ள நீயும் இந்த ஊட்டுக்கே வந்து சேரு. திமிங்கலத்துக்கு இல்லாட்டிப் போகுது, உனக்கு மாமியா இருக்கறா.